காவேரிப்பட்டணம் ரோட்டு கார்னிஸ் பட்டறை: இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு

பெயர்ப்பலகை கிடையாது. கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போகும்போது சர்வீஸ் ரோட்டில் இறங்கிக்கொண்டால் இடது கைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை வரும், ஒட்டினாற்போல் ஒரு பஞ்சர் கடை. காம்பவுண்டுச் சுவரில் நீலப் பெயிண்டால் 'பிஓபி பூ, கார்னிஸ் செய்து தரப்படும்' என்று எழுதியிருக்கும். பிஓபி என்றால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கீழே உள்ள போன் நம்பரில் ஓர் எண் அழிந்துபோயிருக்கிறது. திருத்தி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

வேலைக்கு முழு மார்க் போடுவேன். சொன்ன தேதிக்கு வருவதில் பாஸ் மார்க்கே கிடையாது. இரண்டையும் விவரமாகச் சொல்கிறேன். சீலிங் ஓரத்தில் ஓடும் இந்தப் பட்டையையும் நடுவில் வைக்கும் பூவையும் நாம் எல்லோரும் டிசைன் பார்த்துத்தான் வாங்குகிறோம். டிசைன் எந்தக் கடைக்குப் போனாலும் அதேதான்: அதே திராட்சைக் கொடி, அதே தாமரை இதழ். நாலு வருஷம் கழித்தும் மேலேயே நிற்குமா என்று கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. இந்தப் பட்டறையில் அதைக் கேட்கலாம், பதிலும் கிடைக்கும்.

எங்கள் வீடு பழையபேட்டையில் இருக்கிறது. மாடி அறையில் முன்பு வேறொருவர் ஒட்டிக் கொடுத்த கார்னிஸ், ஒரு நவம்பர் ராத்திரி ஐந்தடி நீளத்துக்கு அப்படியே விழுந்தது. கட்டில் எதிர்ப் பக்கம் கிடந்ததால் யாருக்கும் அடியில்லை. நான் மாங்கூழ் ஆலையில் கணக்கு பார்க்கிறவள். ஆதாரம் இல்லாமல் எங்கேயும் போய்ப் பேசிப் பழக்கமில்லை. விழுந்ததில் பெரிய துண்டாக ஒன்றைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் பட்டறைக்குப் போனேன்.

பட்டறை அண்ணன் அதன் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி வைத்து நகத்தால் சுரண்டினார். மாவு மாவாக உதிர்ந்தது. "தண்ணி ஜாஸ்திம்மா" என்றார். உடைந்த விளிம்பைக் காட்டினார், ஒரு நார்கூட இல்லை. பின்பக்கம் முழுக்க மெல்லிசாக ஒரு தோல் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அது எங்கள் சுவரின் பழைய வெள்ளையடிப்பு. கார்னிஸ் கடைசிவரை சுண்ணாம்பைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது, சுவரை இல்லை. சுண்ணாம்பு உரிந்தபோது கூடவே வந்துவிட்டது. பிடிமானத்துக்கு அடித்த இரண்டு ஆணிகளும் சாதாரண இரும்பு ஆணிகள், துருப்பிடித்துப் பாதியாக இளைத்திருந்தன. பிஓபி இறுகினால் ஜிப்சம்தான், ஈரம் பட்ட ஜிப்சத்துக்குள் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு ஊதி உள்ளிருந்தே கார்னிஸை வெடிக்க வைக்கும், வெளியே பழுப்புக் கறையும் காட்டும். அந்தக் கறையை நாங்கள் பெயிண்ட் கோளாறு என்று நினைத்து ஒருமுறை பெயிண்டரைத் திட்டியும் இருக்கிறோம். பாவம் மனுஷன்.

பவுடர் எந்தக் கம்பெனி என்று கேட்டேன். எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்று சிரித்தார். ஜிப்சம் கல்லைச் சுமார் 150 டிகிரி வரை சூடாக்கினால் அதற்குள் கட்டுண்ட தண்ணீரில் முக்கால் பங்கு போய்விடும். மிஞ்சுகிற பவுடர்தான் பிஓபி. மறுபடி தண்ணீர் காட்டினால், விட்டதைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஊசி ஊசியான படிகமாக வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கல்லாகிறது. நம் நாட்டு ஜிப்சத்தில் பெரும்பகுதி ராஜஸ்தான் மண்ணிலிருந்து வருவது. மூட்டையில் ஐ.எஸ். 2547 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா, அரைத்து எத்தனை மாசம் ஆகிறது என்று பார்த்தால் போதும், பேர் அப்புறம் என்கிறார். மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்கி, தார்ப்பாய் மூடி வைத்திருக்கிறார். காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிட்ட பவுடர் பிறகு எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும் சரியாக இறுகாது.

தண்ணீர்க் கணக்குதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 100 கிலோ பவுடர் கல்லாக மாற உண்மையில் தேவைப்படுவது 19 கிலோவுக்கும் குறைவான தண்ணீர். ஆனால் அவ்வளவு மட்டும் ஊற்றினால் பிசையவே முடியாது. அச்சில் ஊற்றும் பதத்துக்கு 60, 70 கிலோ வேண்டியிருக்கிறது. மிச்சத் தண்ணீர் அத்தனையும் பிற்பாடு ஆவியாகி வெளியேற வேண்டும். அது போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளை. 90 கிலோ ஊற்றினால் அச்சில் சுலபமாக ஓடும், பவுடரும் மிச்சம், கார்னிஸ் எண்ணிக்கையும் கூடும். துளையும் கூடும். நான் கொண்டுபோன துண்டு அப்படிப் பிறந்ததுதான்.

எங்களுக்கு வார்த்த அன்று கூடவே உட்கார்ந்திருந்தேன். வார்ப்பு வேலை பெரும்பாலும் அவர் மனைவியின் கையில். தண்ணீரை அளந்து வாளியில் ஊற்றிவிட்டு, பவுடரைக் கைப்பிடி கைப்பிடியாக அதன் மேல் தூவுகிறார். பவுடரில் தண்ணீர் ஊற்றினால் கட்டி விழுமாம். மேலே சின்னச் சின்னத் தீவாக நனையாத பவுடர் நிற்கும்வரை தூவி, அப்படியே விட்டுவிடுகிறார். அது தானாகக் குடித்து முடித்த பிறகுதான் கை போகிறது, அதுவும் அடித்துக் கலக்குவதில்லை, அடியிலிருந்து மெதுவாகத் திருப்புவதுதான். வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழ் உள்ளே போய் இதழ் நுனியில் ஓட்டை விழும். பதம் தோசை மாவு. ஒவ்வொரு முறையும் ரப்பர் வாளியைச் சுத்தமாகக் கழுவுகிறார். பழைய துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தாலும் புதுக் கலவை அதைப் பிடித்துக்கொண்டு அவசரமாக இறுக ஆரம்பித்துவிடும்.

நடுவில் யாரோ போனில் கூப்பிட, அவர் எழுந்து போய் வந்தார். வாளியில் அரைவாசி இருந்தது, லேசாகக் கெட்டிப்பட்டிருந்தது. கொஞ்சம் தண்ணீர் விட்டால் சரியாகிவிடும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் ஒரு விரலை விட்டுப் பார்த்து, "செத்துப் போச்சு" என்று வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டார். பின்ன ஆரம்பித்த படிகத்தைத் தண்ணீர் விட்டுக் கலைத்தால் அது மறுபடி பின்னாது. பார்க்க வெள்ளையாக, வழவழப்பாக வரும். பலம் இருக்காது. அந்தக் கலவையை அச்சில் ஊற்றியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. என் முழு மார்க்கில் பாதி அந்த அரை வாளிக்கு.

பெரிய பூவுக்கு மட்டும் இறுகும் நேரத்தைத் தள்ளிப்போட எலுமிச்சை உப்பு ஒரு சிட்டிகை போடுகிறார்கள். எங்கள் ஆலையில் மாங்கூழின் புளிப்பைச் சரிசெய்ய மூட்டை மூட்டையாக வாங்குகிற அதே சிட்ரிக் அமிலம். இரண்டு இடத்திலும் கை தவறினால் சரக்கு பாழ். இங்கே சிட்டிகை கூடினால் இறுகல் பலவீனமாகும்.

ரப்பர் அச்சில் முதலில் ஒரு மெல்லிய பூச்சைப் பிரஷ்ஷால் தடவி, மூலை முடுக்கெல்லாம் இறங்கவிடுகிறார்கள். அது லேசாகப் பிடித்ததும் பிரித்துவிட்ட தேங்காய் நாரைப் பரப்பி, மேலே இரண்டாவது கலவை. நார் முகப்புக்கு வரக்கூடாது, வந்தால் பெயிண்டில் பழுப்பு அடிக்கும். இரண்டு விளிம்பிலும் சாக்குத்துணிப் பட்டை நனைத்து வைத்து அமுக்குகிறார்கள். பூவுக்கு அதோடு மரச் சட்டமும் உள்ளே போகிறது. இறுகும்போது பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள், நன்றாகச் சுடும். சுடுகிற அதே நேரத்தில் மயிரிழை அளவு விரிவதால்தான் அச்சிலுள்ள நரம்பு ஒன்றுவிடாமல் பதிகிறது.

சாக்குத்துணியும் மரச் சட்டமும் வைக்கும் இந்த முறைக்கு 1856இல் இங்கிலாந்தில் தெசாஷி என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை வாங்கினார். பழைய நாடகக் கொட்டகைகளின் சீலிங் எல்லாம் இப்படித்தான் எழும்பின. 1901இல் திறந்த லண்டன் அப்பல்லோ தியேட்டரில், 2013 டிசம்பர் 19 அன்று நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே சீலிங்கில் ஒரு பகுதி ஜனங்கள் மேல் விழுந்தது. பல பேருக்குக் காயம். சீலிங்கை மேலே மரத்தோடு கட்டியிருந்த சாக்குத்துணிப் பிணைப்புகள் நூறு வருஷத்தில் நைந்து போயிருந்தன. எங்கள் மாடி அறையிலும் முதலில் கைவிட்டது பிடிமானம்தான். இதை அண்ணனிடம் சொன்னபோது, "நான் துணியில தொங்க விடுறதில்லம்மா, ஸ்க்ரூதான்" என்று கொஞ்சம் ரோஷமாகவே சொன்னார்.

காயவைப்பது நிழலில்தான். கொட்டகையின் இரண்டு பக்கமும் திறப்பு, நடுவில் மரச் சட்டத்தில் அடுக்கு. வெயிலில் போட்டால் சீக்கிரம் காயுமே என்றால், தகரத்தடியில் அடிக்கிற சூட்டுக்குக் கட்டுண்ட தண்ணீரும் சேர்ந்து கிளம்பிவிடும் என்கிறார். ஜிப்சம் நெடுநேரம் 50 டிகிரியைத் தாண்டினால் அது நடக்கும்தான். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் பென்சிலில் எடை எழுதியிருக்கிறது. எங்கள் ஐந்தடித் துண்டு ஒன்று அச்சிலிருந்து எடுத்தபோது 5.2 கிலோ, வண்டியில் ஏற்றும்போது 3.6 கிலோ. எடை குறைவது நின்றால்தான் காய்ந்ததாகக் கணக்கு. தொட்டுப் பார்த்துச் சொல்கிற பேச்சே அங்கே இல்லை. கணக்குப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

இனி வீட்டுக்கு வந்த கதை. அளவெடுக்க வந்த மனிதர் ஹாலில் டேப்பை நீட்டுவதற்கு முன்னால் மொட்டை மாடிக்குப் போய்விட்டார். என் மாமியார், "பூ ஒட்ட வந்த ஆளு மாடியில ஏறி என்னத்தப் பாக்கறாரு?" என்று சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் விரிசல். கீழே வந்து, ஹாலின் வடக்குச் சுவரில் ஒரு முழம் பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு, நாளைக்குப் பார்க்கச் சொன்னார். மறுநாள் தாளுக்குப் பின்னால் முத்து முத்தாக வியர்த்திருந்தது. "இதைச் சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க, இல்லன்னா நான் ஒட்ட மாட்டேன்" என்று போயே விட்டார். ஜிப்சம் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராமுக்கு மேல் கரையும். ஒருநாள் நனைந்தால் ஒன்றுமில்லை. மழைக்கு மழை கசிகிற சுவரில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, உப்புப் பூத்து, பொலபொலத்துப் போகும். மாடி விரிசலை அடைத்து, சுவர் காய்ந்து, மறுபடி பாலித்தீன் ஒட்டிப் பார்த்து, அப்புறம்தான் கார்னிஸ் வந்தது.

வாசல் திண்ணைத் தூண் தலைப்பிலும் கொடி வேலை வேண்டும் என்று கேட்டிருந்தோம். மழைச்சாரல் படுகிற இடத்துக்கு பிஓபி தரமாட்டேன், சிமென்டில் வார்க்கிற ஆளைப் பாருங்கள் என்றார். கேஸ் அடுப்புக்கு மேலேயும் ஆவி அடிக்கும், வேண்டாம் என்றார். கையில் வருகிற காசை வேண்டாமென்று சொல்கிற கடை நம் ஊரில் அபூர்வம். கொல்லைப்புறப் பழைய அறையில் தாத்தா காலத்துச் சுண்ணாம்புப் பட்டை ஒன்று ஓடுகிறது. அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதைத் தொடாதீர்கள், இறுகிப்போய் நன்றாக இருக்கிறது, வேண்டுமானால் வெள்ளை மட்டும் அடியுங்கள் என்றார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பு, காற்றைக் குடித்துக் குடித்து வருஷக்கணக்கில் இறுகிக்கொண்டே போகிற சரக்கு. பிஓபி கால் மணியில் செய்வதை அது பல காலம் எடுத்துச் செய்கிறது, ஈரத்தையும் தாங்குகிறது.

ஒட்டும் வேலையில் முதல் நாள் முழுக்கச் சுரண்டல்தான். கார்னிஸ் உட்காரும் அகலத்துக்கு வெள்ளையடிப்பு, டிஸ்டெம்பர், பட்டி எல்லாவற்றையும் பூச்சு தெரியும்வரை எடுத்து, உளியால் கொத்து போட்டார்கள். ஒட்டுவதற்குச் சற்று முன் அந்த இடத்தில் தண்ணீர் தெளித்தார்கள். காய்ந்த சுவர் வேண்டுமென்று அத்தனை நாள் காக்க வைத்துவிட்டு இப்போது தண்ணீரா என்று கேட்டேன். எலும்பாகக் காய்ந்த பூச்சு, ஒட்டும் கலவையிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிட்டால் கலவை இறுகாமல் பவுடராகவே நின்றுவிடுமாம். மேலே ஈரம் போதும், உள்ளே ஈரம் கூடாது. கலவையோடு நிறுத்தவில்லை, பிளக் வைத்துத் துத்தநாகம் பூசிய ஸ்க்ரூ. தலையை உள்ளே அமுக்கி மேலே கலவை பூசிவிட்டார்கள், எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்கே தெரியாது. சுவரோடு சேரும் கீழ் விளிம்பில் மட்டும் பிஓபி வைக்காமல், நெகிழ்கிற அக்ரிலிக் சீலன்ட் ஓட்டினார்கள். மேலே கான்கிரீட், கீழே செங்கல், இரண்டும் வெயிலுக்கு ஒரே மாதிரி அசைவதில்லை என்பதால்.

பூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் அதன் நடுவில் ஃபேன் தொங்குகிறதே. ஃபேன் தளக் கம்பியிலுள்ள கொக்கியில் தொங்க வேண்டும், அதன் தடி பூவை எங்கும் தொடக்கூடாது. நடு ஓட்டையில் சுற்றிலும் ஒரு விரல் போகிற இடைவெளி விட்டு, ஃபேனின் கிண்ணத்தால் மறைத்திருக்கிறார். நாள் முழுக்க ஃபேன் ஆடும் ஆட்டம் பூவுக்குப் போனால், ஓட்டையிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பி இதழ் இதழாகப் பிரியும். பூவின் எடையை உள்ளேயுள்ள மரச் சட்டத்தின் வழியாக வாஷர் போட்ட ஸ்க்ரூக்கள் தளத்துக்குக் கொடுக்கின்றன. எங்கள் பெரியவன் அதில் தொட்டில் கட்டலாமா என்று கேட்டான். அவனுக்குப் பன்னிரண்டு வயசு.

பெயிண்ட் இவர்கள் வேலை இல்லை. எங்கள் பெயிண்டர் வழக்கம்போலப் பட்டியைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு பூவை நோக்கிப் போனார், தடுத்துவிட்டேன். இதழுக்கு இதழ் பள்ளம் அரிசி அளவுதான், ஒரு பட்டி போட்டாலே மூடிக்கொள்ளும். தண்ணியாக ஒரு பிரைமர், இரண்டு கை எமல்ஷன், அவ்வளவுதான். எனாமல் வேண்டாம், உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் தோலைத் தூக்கும். ஓரத்தில் தங்கக் கலர் மாமியாரின் ஆசை. அதைப் பற்றி நான் கருத்துச் சொல்வதற்கில்லை. ஒட்டடை அடிக்கும்போது ஈரத்துணி போடாமல் காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுகிறோம்.

இப்போது குறைகள். தேதி. 'திங்கட்கிழமை வரேம்மா' என்றால் எந்தத் திங்கட்கிழமை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காயாததைக் கொண்டுவர மாட்டேன் என்பது நியாயமான காரணம், ஆனால் அதை முன்கூட்டியே போனில் சொல்லலாமே. பந்தக்கால் நடும் வாரத்தில் வேலை வைத்துக்கொள்கிறவர்கள் இந்தப் பக்கமே போகாதீர்கள். தரையில் தார்ப்பாய் விரிக்கவில்லை, எங்கள் சிவப்பு ஆக்சைடு தரையில் பிஓபி சொட்டிய தடத்தைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுக்க ஒரு ஞாயிறு போயிற்று. கதவுக்கு மேலே ஒரு மூலையில் கொடி சேரவில்லை, அரை இலை இந்தப் பக்கம், முக்கால் இலை அந்தப் பக்கம். சுவர் மூலைமட்டத்துக்கு இல்லை என்கிறார். இருக்கலாம், ஆனால் அந்தச் சேர்ப்பைக் கதவுக்கு மேலே கொண்டுவராமல் பீரோவுக்குப் பின்னால் தள்ளியிருக்கலாம். பில் என்று கேட்டதற்கு நாள்காட்டித் தாளின் பின்னால் எழுதிக் கொடுத்தார். என் தொழிலுக்கே அவமானம்.

எனக்குப் போட்ட விலை: ஒட்டுவதையும் சேர்த்து கார்னிஸ் ரன்னிங் அடிக்கு 110 ரூபாய். ஹால் 14க்கு 18, ஆக 64 அடி, 7,040 ரூபாய். பூ தனி. அதே டிசைனை இதைவிடக் குறைவாகக் கேட்டவர்களும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் போனால் துண்டைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் நாரும் சாக்கும் தெரிய வேண்டும், நகம் இறங்கக்கூடாது. தெர்மாக்கோல் கார்னிஸும் விற்கிறது, பசையில் ஒட்டினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், விழுந்தாலும் தலைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கட்டுண்ட தண்ணீர், தீ பட்டால் முதலில் அது ஆவியாகித் தடுக்கும். தெர்மாக்கோல் உருகி எரியும். பூஜை அறை ஹாலுக்குள்ளேயே இருக்கிற வீடு எங்களுடையது, அதனால் எனக்கு யோசனையே இல்லை.

ஒட்டிய பிறகு இரண்டு வடகிழக்கு மழை போய்விட்டது. வடக்குச் சுவரில் ஸ்டூல் போட்டு ஏறி, நீளத்துக்கும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். எங்கேயும் பொள்ளல் சத்தம் இல்லை. ஃபேன் பக்கத்தில் விரிசல் இல்லை. ஒரு இடத்தில் சீலன்ட் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறது, ஐந்து நிமிஷ வேலை.

போக நினைப்பவர்கள் காலையில் போங்கள், வார்ப்பு நடக்கும்போது உட்கார்ந்து பார்க்க விடுகிறார்கள். மே, ஜூனில் வேண்டாம். அவரிடம் வேலை செய்கிற இரண்டு பையன்களும் அந்த மாசங்களில் மாங்கூழ் ஆலைக்கு லோடு இறக்க வந்துவிடுவார்கள், அவர்களுக்குக் கூலி எழுதுவதே நான்தான்.